காலாட்டிப் பிழைக்கிறவர்களின் நீதி: காஞ்சியிலிருந்து சில வாசிப்புகள்

1

‘காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்’ என்று ஒரு பழமொழி உண்டு. பலருக்கும் தெரிந்ததுதான். வெளியூர்க்காரர் காதில் இது எப்படி விழுகிறது? காஞ்சிபுரம் கோயில்கள் நிறைந்த ஊர். கோயில் இருந்தால் சத்திரமும் சோறும் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பொழுதைத் தள்ளிவிடலாம். சோம்பேறியின் சொர்க்கம், அவ்வளவுதான். பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர் காதில் இதே வாக்கியம் வேறு மாதிரி விழுகிறது. குழித்தறியில் மிதியை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு இரண்டாகப் பிரியும். பிரிந்தால்தான் நடுவே நாடா ஓடும். கால் நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பு நிற்கும். இங்கே காலாட்டிப் பிழைப்பது என்றால் காலை ஆட்டி ஆட்டி உழைப்பது.

ஒரே வாக்கியம்தான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் ஒரு பொருள், குழிக்குள் உட்கார்ந்து கேட்டால் அதற்கு நேர் எதிரான பொருள். இதைச் சிலேடை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிடலாம். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. காலத்தை வென்ற ஞானம், எந்நாட்டவர்க்கும் பொதுவான நீதி என்றெல்லாம் நாம் கொண்டாடுகிற வாக்கியங்களின் இயக்கமே இந்தச் சிறு பழமொழிக்குள் அடங்கியிருப்பதாகப் படுகிறது. நீதிமொழியில் பேசுகிறவர் இருக்கமாட்டார், கேட்கிறவரும் இருக்கமாட்டார். ‘இப்படிச் செய்’, ‘இது இப்படித்தான்’ என்று மட்டும் இருக்கும். ஆளைக் கழித்த பிறகு மிஞ்சுகிற இந்த வெற்றிடத்தைத்தான் ‘காலமின்மை’ என்கிறோம். ஆகவே ஒரு நீதிமொழி உண்மையா பொய்யா என்பது என் கேள்வி இல்லை. அதை யார், யாருக்கு, எந்த இடத்திலிருந்து சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. காஞ்சிபுரம் இந்தக் கேள்வியைக் கேட்க வசதியான ஊர். அறம் பற்றிய தமிழின் பெரும் கதைகள் சில இங்கே வந்து சேர்கின்றன; பட்டு நெசவும் இங்கேதான் நடக்கிறது.

2

பழமொழிகளை அச்சில் தொகுத்த முன்னோடிகள் பலர் மிஷனரிகள். பீட்டர் பெர்சிவல் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. ஜான் லாசரஸின் பழமொழி அகராதி 1894இல் வந்தது. ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாக வகைப்படுத்திக் கொடுத்தார். பிறகு கி. வா. ஜகந்நாதன் நான்கு தொகுதிகள் கொண்டுவந்தார். இவர்கள் உழைப்பில்லாமல் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க முடியாது. ஆனால் தொகுப்பு என்ற வடிவம் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. சண்டையில், வட்டிக்கடையில், பந்தியில், பிள்ளையை அடிக்கும்போது ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குப் போன வாக்கியம், அகராதியில் ‘க’ வரிசையில் போய் உட்காரும். யார் சொன்னது என்பது போய்விடும். ‘தமிழர் ஞானம்’ என்ற பொதுச்சொத்தாக அது ஆகிவிடும்.

‘கைக்கோளனுக்குக் காற்புண்ணும் நாய்க்குத் தலைப்புண்ணும் ஆறாது’ என்பது அப்படி நமக்கு வந்து சேர்ந்திருக்கிற ஒன்று. இதை எப்படி வாசிப்பது? இதைச் சொன்னவர் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. நாய் தன் உடம்பில் எங்கே புண் வந்தாலும் நக்கி ஆற்றிக்கொள்ளும். தலைக்கு மட்டும் நாக்கு எட்டாது. நெய்கிறவர் காலில் புண் வந்தால் கால் ஓய்ந்தால்தான் ஆறும். கால் ஓய்ந்தால் கஞ்சி இல்லை. வேலையால் வரும் நோயைப் பற்றி இத்தனை சுருக்கமான குறிப்பு வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் அதே மூச்சில் ஒரு சாதியின் உடம்பை நாயின் உடம்போடு கட்டி வைக்கிறார். அவதானமும் இளக்காரமும் ஒரே வாக்கியத்தில் ஊடும் பாவுமாக இருக்கின்றன. ஒன்றை உருவினால் மற்றொன்றும் கையோடு வரும். ‘சேணியனுக்கு ஏன் குரங்கு’ என்பதும் இந்த ரகம்தான். நூல் இழைகள் நடுவே குரங்கை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் சொன்னது அது. தனக்கு மேல் ஆசைப்படாதே என்று நெசவாளிக்குச் சொல்லிவைப்பதாகவும் அதையே பயன்படுத்தலாம்.

முதலில் பார்த்த பழமொழியிலும் கால், இதிலும் கால். வெளியே இருப்பவர் பார்வையில் ஒரே கால் ஒரு தடவை சோம்பேறியின் காலாகத் தெரிகிறது, இன்னொரு தடவை நாயோடு ஒப்பிடத்தக்க புண்ணாகத் தெரிகிறது. உழைக்கும் காலாக அது தெரிவதற்குக் குழிக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் நம் சூழலில் இரண்டு நிலைப்பாடுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று: பாட்டன் பூட்டன் சொன்னால் தப்பாக இருக்குமா, அத்தனையும் முத்து என்பது. மற்றது: பழமொழி, நீதிநூல் எல்லாம் ஆளும் வர்க்கத்தின் கருத்தியல், தூக்கிப் போடு என்பது. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம் தோழர்கள் என்பதால் அதோடு கொஞ்சம் வழக்காட வேண்டியிருக்கிறது. பொதுப்புத்தி என்பது ஆளுகிறவர்களிடமிருந்து இறங்கி வந்த குப்பை மட்டுமல்ல, அதற்குள் அனுபவத்தால் பெற்ற நல்ல புத்தியின் கருவும் கிடக்கிறது என்பதைச் சிறையில் இருந்து எழுதிய கிராம்ஷி திரும்பத் திரும்பச் சொன்னார். ரோலான் பார்த் 1957இல் வந்த தம் நூலில், வரலாற்றை இயற்கையாக மாற்றிக்காட்டுவதே தொன்மத்தின் வேலை என்றார். அதே இடத்தில், உழைக்கிறவர் வாயில் இருக்கும் பழமொழி இன்னும் வேலையோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும், மேல்தட்டின் வாய்க்குப் போனதும் அது மாற்றமுடியாத உலகம் பற்றிய தீர்ப்பாக இறுகிவிடுவதையும் பிரித்துக் காட்டினார். ஆக, ஒரே வாக்கியத்துக்கு இரண்டு வாழ்க்கை. தூக்கிப் போட்டால் இரண்டும் போய்விடும். அப்புறம் ‘படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்’ என்று காஞ்சித் தெருவில் நின்றுகொண்டு சொல்லவும் நமக்கு வாய் இருக்காது.

3

திருக்குறளின் உரையாசிரியர்களில் பெரும்புகழ் பெற்ற பரிமேலழகர் காஞ்சிபுரத்துக்காரர், வைணவர் என்பது மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியவர். மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதை ஒழிப்பதுமே அறம் என்று உரையின் முகப்பிலேயே வரையறுத்துவிட்டார். 1949இல் பெரியார் திருக்குறள் மாநாடு நடத்தினார். அந்தக் காலம் தொட்டே திராவிட இயக்கம் சார்ந்த குறள் வாசிப்பு இந்த உரைக்கு எதிராகத்தான் நகர்ந்தது. அது தேவையான சண்டை. ஆனால் அந்தச் சண்டை குறளைக் காப்பாற்ற உரையைப் பலி கொடுத்தது. பிரதி தூயது, உரை கறை என்று ஆனது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரிமேலழகர் தம்மையறியாமல் ஒரு பெரிய உண்மையை ஒப்புக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது.

அது 29ஆம் அதிகாரம், கள்ளாமை. இந்த அதிகாரம் இல்லறவியலில் இல்லை, துறவறவியலில் இருக்கிறது. களவு செய்யாதே என்பது குடும்பஸ்தனுக்கும்தானே, துறவிக்கு மட்டும் ஏன்? பரிமேலழகர் காரணம் சொல்கிறார்: இல்வாழ்வார் தம்மைச் சேர்ந்தவர்களோடு விளையாட்டு வகையில் ஏமாற்றிச் சில பொருளை எடுத்துக்கொண்டாலும் பொருந்தும். துறந்தவர்களுக்கோ அப்படி எடுக்க நினைப்பதே பெரிய இழுக்கு. அதனால் இது துறவறம் ஆயிற்று. கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அறம் எல்லோருக்கும் ஒன்றல்ல, ஒரே செயல் ஒருவர் செய்தால் விளையாட்டு, இன்னொருவர் செய்தால் இழுக்கு என்று உரைகாரரே சொல்லிவிட்டார். யார், யாரிடமிருந்து எடுக்கிறார் என்று கேட்காமல் களவைப் பற்றிப் பேச முடியாது என்பது பொதுமறையின் உரைக்குள்ளேயே இருக்கிறது.

குறளும் பேருந்துப் பலகையில் இருப்பதுபோல அத்தனை விறைப்பானது அல்ல. கொடுங்கோன்மை அதிகாரத்தில், கோலோடு நிற்கிற அரசன் பொருள் கேட்பதை வேலோடு வழிமறிக்கிற கள்வனின் அதட்டலுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். ஆக, மேலே இருப்பவன் அடிக்கிற கொள்ளையும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொள்ளை பொருட்பாலில், அரசியல் பகுதியில் வருகிறது. மனிதன் மனசுக்குள் எழுகிற களவோ அறத்துப்பாலில் வருகிறது. நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் பெரும்பாலும் எந்தப் பால் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் நெசவுச் சமூகக் குடும்பம் ஒன்றில் 1909இல் பிறந்த அண்ணாதுரை 1967இல் முதலமைச்சரானார். அந்த ஆட்சிக் காலத்தில்தான் அரசுப் பேருந்துகளில் குறள் ஏறியது. அது சாதாரணமான காரியமில்லை. எழுத்தறிந்தவர் எவராக இருந்தாலும் டிக்கெட் எடுத்த நேரத்தில் இரண்டு அடி படிக்க முடிந்தது. ஆனால் பலகை அதிகாரத்தைக் கழற்றிவிட்டுக் குறளை மட்டும் மாட்டியது. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சாபம் விடுகிற குறளும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. நான் ஏறிய பேருந்து எதிலும் அதைப் படித்ததாக ஞாபகமில்லை.

4

இந்தக் கள்ளாமையைத் தறிக்குக் கொண்டுவருவோம். பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படம் 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் என்ற தேசிய விருதைப் பெற்றது. பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. சுதந்திரத்துக்கு முன்பின்னான காலம். வேங்கடம் என்ற நெசவாளி, மகள் பிறந்தபோது அவளுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கல்யாணம் செய்துவைப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு இல்லை. முதலாளியின் பட்டறையிலிருந்து நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் அடக்கி எடுத்து வந்து இரவில் ரகசியமாகச் சேலை நெய்கிறான். அவன்தான் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து நெசவாளிகளைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்துகிறவனும். வேலைநிறுத்தம் நீண்டால் நூல் கிடைக்காது. கடைசியில் போராட்டத்தைக் கைவிடச் சொல்கிறவனாக அவனே ஆகிறான், பிடிபடுகிறான். முடிவில் அரைகுறையாக நெய்த பட்டு, இறந்த மகளின் முகத்தை மூடினால் காலை மூடவில்லை, காலை மூடினால் முகத்தை மூடவில்லை.

படம் பார்த்தவர்கள் பலர் அந்த முடிவைப் பற்றிப் பேசினார்கள். என்னை நிறுத்தியது வாய். நூலை அடக்கிய வாயால் பேச முடியாது. காவலில் நிற்கிறவனுக்கு முன்னால் வாய் திறந்தால் பிடிபடுவான். கூட்டத்தில் வாய் திறந்தால்தான் தலைவன். கள்ளாமையைப் பேசுகிற நீதிமொழி இந்த இரண்டு வாயில் எதைப் பார்த்துப் பேசுகிறது? ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே’ என்று முதலாளி தரப்பு சொல்லும். யார் உண்டது யார் வீட்டில் என்ற கணக்கைத் திறந்தால் வாக்கியம் தலைகீழாகும். கூலித்தறி முறையில் பட்டும் சரிகையும் எடைபோட்டுத்தான் நெசவாளி கைக்கு வரும். நெய்த சேலையும் எடைபோட்டுத்தான் திரும்பப் போகும். நூல் குறைந்தால் தராசு சொல்லிவிடும். கூலி குறைந்தால் சொல்லுகிற தராசு அந்த வீட்டில் கிடையாது. ஒரு திருட்டுக்கு மட்டும்தான் அளவுகோல் இருக்கிறது. நீதிமொழியும் அந்தத் தராசு இருக்கிற பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது.

படத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. அது வேங்கடத்தின் துயரத்தை ஒரு தகப்பனின் துயரமாகச் சுருக்கி, சங்கத்தை அவன் ஆசைக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. ஆசைப்பட்டவன் அழிந்தான் என்ற பழைய நீதிக்கதைக்குள் படம் வழுக்கி விழுகிற ஆபத்து அங்கே இருக்கிறது. ‘பேராசை பெருநஷ்டம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற பார்வையாளரைத் தடுக்கப் படத்துக்குள் எதுவும் இல்லை. மகளுக்கு ஒரு சேலை என்பது பேராசையா என்று கேட்கும் பொறுப்பு விமர்சனத்துக்கு வந்து சேர்கிறது.

5

வள்ளுவரே நெசவாளி என்று ஒரு கதை உண்டு. மயிலாப்பூரில் நெய்து பிழைத்தார், ஏலேலசிங்கன் என்ற வணிகர் அவர் நண்பர் என்று அது போகும். வாசுகியின் கற்புக்குச் சான்றாக அதில் ஒரு நிகழ்ச்சி வரும். பட்டப்பகலில் நெய்துகொண்டிருந்தபோது கருவி ஒன்று கீழே விழுந்துவிட்டது, தேட விளக்குக் கொண்டுவா என்கிறார். பகலில் எதற்கு விளக்கு என்று வாசுகி கேட்கவில்லை, கொண்டுவந்தாள். மறுசொல் சொல்லாத மனைவி, எனவே இல்லறம் சிறந்தது. மேடைகளில் இன்றைக்கும் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள்.

குழித்தறி வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் அற்புதம் எதுவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே தறி. நூலுக்கு வெயிலும் காற்றும் ஆகாது. குழிக்குள் மத்தியானத்திலும் இருட்டு. கீழே விழுந்ததைத் தேட விளக்கு வேண்டும்தான். வாசுகி மறுபேச்சுப் பேசாததற்குக் காரணம் கற்பாக இருக்க வேண்டியதில்லை. அவளுக்கு அந்த இருட்டு தெரியும். அவளும் அங்கே வேலை செய்கிறவள். தார் சுற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது, பாவு போட உதவுவது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. கூலி தறிக்குத்தான், அதாவது தறியில் உட்கார்ந்தவர் பெயருக்குத்தான். இருட்டில் வேலை செய்கிற இரண்டு பேரின் சாதாரணப் பேச்சை, இருட்டே இல்லாத வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள் கீழ்ப்படிதலின் உவமையாக மாற்றிவிட்டார்கள். வேலை மறைந்து நீதி மிஞ்சுவது இப்படித்தான் நடக்கிறது.

6

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ இதைவிட அப்பாவியான பழமொழி இல்லை. ஆனால் பட்டுத்தறியில் இது அப்பாவி இல்லை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமும் வைத்துக் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். வழக்கமாக அந்தக் கை சின்னக் கை. விரல் மெல்லிசாக இருக்கும்போதே பழக வேண்டும், பெரியவனானால் வராது என்று சொல்லி உட்காரவைத்தார்கள். அதில் கொஞ்சம் தொழில் உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் விரலைத் தறிக்குக் கொண்டுபோனது பழமொழி மட்டுமல்ல, முன்பணமும்தான். குடும்பம் முதலாளியிடம் முன்பணம் வாங்கும். பிள்ளை அதற்கு ஈடாக வேலை செய்யும். கூலி கடனை எட்டாது. பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று கடைச் சுவரில் எழுதிவைப்பது கடன் கேட்கிறவருக்காக. கடன் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுகிறவருக்காக யாரும் சுவரில் எழுதவில்லை.

சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைக் குழந்தைகளுக்குத் தடைசெய்த தொழில்களின் பட்டியலில் வைத்தது. கூடவே, வீட்டுக்காரர் தம் குடும்பத்தின் உதவியோடு நடத்துகிற பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. தறி இருப்பது வீட்டுக்குள். அப்புறம் யாரைப் பிடிப்பது? 2016இல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எல்லாத் தொழிலிலும் தடுத்தது. ஆனால் அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவலாம் என்று மறுபடியும் ஒரு கதவைத் திறந்தே வைத்தது. பரிமேலழகர் கள்ளாமைக்குச் சொன்ன காரணத்தை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. தம்மைச் சேர்ந்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டால் பொருந்தும் என்றார் அவர். ‘குடும்பம்’ என்ற சொல் வந்ததும் அறமும் சட்டமும் சேர்ந்து கண்ணை மூடிக்கொள்கின்றன. ஒரு குழந்தையின் பகலை எடுத்துக்கொள்வது அப்போது களவாகத் தெரிவதில்லை, உதவியாகத் தெரிகிறது.

அதே பழமொழியை எடுத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவர முடியாதா என்று கேட்டால், முடியும். ஐந்து வயதில் எழுத்துக்கு வளைய வேண்டிய விரல் தறிக்கு வளைந்துவிட்டால் ஐம்பதில் எதற்கு வளையும்? பழமொழியை மறுக்கவில்லை, வேறு திசையில் திருப்பி வைக்கிறோம். தூக்கிப் போடச் சொல்கிற தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்த வாக்கியம் அவர்கள் ஆத்தாவின் வாயிலும் இருந்தது. அதை முதலாளிக்கு மட்டும் எழுதிக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

7

நெசவாளிகளின் பிள்ளைகள் பலர் இன்றைக்குத் தறியில் உட்காருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலைகளுக்குப் போகிறார்கள். அங்கே காலாட்டிப் பிழைக்க முடியாது, நின்றுதான் பிழைக்க வேண்டும். அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு முக்கியமாகத் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொன்னார்கள். சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழியை அந்த ஆலை வாசலில் வைத்து வாசித்துப் பாருங்கள். மேலேயிருந்து கேட்டால் அது இயற்கை விதி: ஏறாது, ஆகவே பேசாதே. கீழேயிருந்து கேட்டால் அது புகார்: ஏறவில்லை, ஆகவே ஏற்று. வேலைநிறுத்தம் இரண்டாவது வாசிப்பு.

பழமொழிகளில் இருக்கிற நகைச்சுவைக்கும் இந்த இடத்தில்தான் வேலை. ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்’ என்று கோயில் நகரத்தில் சொல்கிறவர் கடவுளை மறுக்கவில்லை, பூசாரியை இனங்காட்டுகிறார். ஆள் பெயர் சொல்லாமல் பேசுகிற அந்த வடிவம் பலமில்லாதவருக்குக் கவசமும் ஆகிறது. ‘நான் உங்களைச் சொல்லலீங்க, பொதுவா சொன்னேன்’ என்று தப்பித்துக்கொள்ளலாம். பேசுகிறவரை மறைக்கிற அதே இலக்கணம் மேலே இருப்பவருக்கு அதிகாரம், கீழே இருப்பவருக்கு ஒளிவிடம். இதை மறந்துவிட்டுப் பழமொழியைக் கட்டுடைக்கப் போனால், கட்டுடைக்கிறவரின் புத்திசாலித்தனம்தான் மிஞ்சும்.

8

காஞ்சிக்கு அறத்தைப் பற்றி வேறு இரண்டு கதைகள் உண்டு. மணிமேகலை காப்பியத்தில், மழை பொய்த்துப் பசியில் வாடுகிற காஞ்சிக்கு அமுதசுரபியோடு மணிமேகலை வந்து உணவிடுகிறாள். அவள் அறம் என்றால் என்ன என்று ஓர் அரசனுக்கு விளக்கும்போது, உயிர்களுக்கெல்லாம் உணவும் உடையும் இருப்பிடமும் கிடைப்பதைத் தவிர வேறொன்றும் அறமில்லை என்கிறாள். அந்தப் பட்டியலில் உடையும் இருக்கிறது என்பதைப் பட்டுக்கு ஏங்கிய வேங்கடத்துக்காகக் குறித்துவைக்கிறேன். மற்றது காமாட்சியின் கதை: இரு நாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களைக் காஞ்சியில் வளர்த்தாள் என்பது. இரண்டும் சமயக் கதைகள். ஒன்று பௌத்தம், ஒன்று சைவம் சாக்தம். அவற்றின் இறையியல் எனக்குத் தேவைப்படவில்லை. இரண்டிலும் அறம் ஒரு வாக்கியமாக இல்லை, ஒரு பாத்திரமாகவும் ஒரு அளவாகவும் இருக்கிறது. எவ்வளவு நெல், யார் வயிற்றுக்கு என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய அறம் அது. நாழி என்பது நெல்லை அளக்கும் படி. நெய்கிறவரின் நாடாவுக்கும் பழந்தமிழில் நூல்நாழி என்று பெயர் உண்டு. அளக்கிற நாழிக்கும் ஓடுகிற நாழிக்கும் நடுவே போட வேண்டிய கணக்கைத்தான் நம் நீதிமொழிகள் சொல்லாமல் விட்டிருக்கின்றன.

எழுதுகிறவர்களும் களத்தில் வேலை செய்கிறவர்களும் இந்தப் பக்கங்களைப் படிக்கிறீர்கள் என்பதால் ஒரு நடைமுறை யோசனையோடு நிறுத்திக்கொள்கிறேன். கூட்டத்தில் யாராவது குறளோ பழமொழியோ சொன்னால் உடனே கைதட்டவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். இதை நீங்கள் யாருக்குச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலில் ‘எல்லோருக்கும்’ என்று வந்தால், அந்த எல்லோரில் தறிக்குழிக்குள் கால் வைத்திருப்பவர் யார், கூலியை எண்ணிக் கொடுப்பவர் யார் என்று அடுத்ததாகக் கேளுங்கள். இரண்டு பேருக்கும் அதே தொனியில் அதைச் சொல்ல முடிந்தால் அது நல்ல வாக்கியம், வைத்துக்கொள்ளலாம். அப்படித் தேறுகிற வாக்கியங்கள் நாம் பயப்படுகிற அளவுக்குக் குறைவாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.